வலப்பக்கத்து விளக்கு

லா ஷப்பல், பாரிஸ்
9 ஒக்டோபர் 2022

அன்புள்ள அக்காவுக்கு,

யோகா எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? நான் அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறீர்களா, அல்லது போத்தலைப் பார்த்துக்கொண்டே நொண்டுகிறீர்களா?

வெள்ளிக்கிழமைதோறும் போனில் கதைக்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். எங்கள் வீட்டுப் போன் குசினி மேசையில் சத்தமாகப் போட்டபடி கிடக்கும். இவர் ஒரு சொல், கஜனி ஒரு சொல், கிருஷிகன் பிரெஞ்சில் ஒரு சொல் என்று எல்லோருமாகத்தான் உங்களோடு பேசுவோம். அதில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ்க் கையெழுத்து வாசிக்க வராது. இவர் மற்றவருக்கு வந்த கடிதத்தைத் தொடமாட்டார். ஆகவே எழுதுகிறேன்.

அக்கா, நான் கதை எழுதுகிறேன்.

எங்கே இருந்து என்று கேட்டால் சிரிப்பீர்கள். இந்த வீட்டில் இரண்டு அறை. குளியலறைக் கதவைக்கூட மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது தட்டுவார்கள். நடையின் முடிவில், முன்பு இருந்தவர்கள் சாப்பாட்டுச் சாமான் வைத்த ஒடுங்கிய அறை ஒன்று உண்டு. நடுவில் நின்றால் இரண்டு தோளும் சுவரில் படும். அதைத்தான் சாமி அறையாக்கினோம். போன வருடம் நடையில் புகை மணி பூட்டினார்கள். அந்த வெள்ளிக்கிழமை நான் சாம்பிராணி போட, மணி அலறி, மேல்மாடிக்காரர்கள் பூனையையும் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினார்கள். அன்றோடு கஜனி சட்டம் போட்டாள்: அம்மா பூசை செய்வதென்றால் கதவை மூடவேண்டும், உள்ளே இருக்கும் கையகல ஜன்னலைத் திறக்கவேண்டும்.

இருபத்துமூன்று வருடத்தில் எனக்கென்று ஒரு மூடிய கதவு அன்றுதான் கிடைத்தது.

முதலில் உண்மையாகவே தேவாரம்தான் படித்தேன். ஒருநாள் மனதில் வந்த ஒரு வரியை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. "அம்மா சாமி அறையில" என்று சொல்லித் தொலைக்காட்சிச் சத்தத்தையும் குறைத்துவிட்டார்கள். இப்போது பள்ளிக்கூடக் கந்தீனில் வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு மாலையும் ஐந்திலிருந்து ஆறுவரை ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டு மடியில் பலகையை வைத்து எழுதுகிறேன். பிள்ளையார் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இது பாவமா அக்கா?

நாலு பக்கம் இதோடு வருகிறது. வாசித்துச் சொல்லுங்கள். இவருக்கு மட்டும் தெரியக்கூடாது. ஏன் என்று கேட்காதீர்கள்.

எண்ணெயை மறக்காமல் பூசுங்கள்.

உங்கள் யோகா


மானிப்பாய்
2 நவம்பர் 2022

அன்புத் தங்கை யோகாவுக்கு,

உன் கடிதம் பதினெட்டு நாளில் வந்தது. முழங்கால் பழையபடிதான். அதற்கும் என்னைப் போல ஓய்வூதியம் கிடைத்துவிட்டது, சொன்னால் கேட்பதில்லை.

பாவமா என்று கேட்டாய். பிள்ளையார் சுழி போட்டுத்தானே எழுதத் தொடங்குகிறாய். அவருக்குத் தெரியாமல் நீ ஒன்றும் செய்யவில்லை.

இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கோழியை எடுத்துக்கொள். முட்டையிடட்டும் என்று நாங்கள் வைக்கோல் போட்டுக் கடகம் வைப்போம். அது ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு விறகு அடுக்குக்குள் போய் இருக்கும். கடகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அது நாங்கள் தெரிந்தெடுத்த இடம். நான் ஒன்பதாம் வகுப்புக்குப் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை வகுப்பில் இருந்து எழுதினால் நாலு வரிக்கு மேல் போகாது. வீட்டில் எழுதி வந்தால் ஆறு பக்கம். "எங்க இருந்து எழுதுறனி?" என்று கேட்டேன். வளவில் நிற்கும் உடைந்த உழவு இயந்திரப் பெட்டிக்குள் இருந்து என்றாள். அதற்குப் பிறகு நான் அவளை வகுப்பில் எழுதச் சொல்லி நெருக்கவில்லை.

கதையை மூன்றுமுறை வாசித்தேன். திரை போட்டுப் பிரித்த ஒரே அறையில் ஐந்து பேரோடு இருக்கும் அந்தப் பெண், படியில் கேட்கும் காலடியை வைத்தே யார் வருவது என்று சொல்கிறாளே, அந்த இடத்தில் என் காதிலும் சத்தம் கேட்டது. ஒன்று மட்டும் கவனித்தேன். நாலாம் பக்கத்தில் அவள் எழுதும் கொப்பியோடு இருக்கிறாள். கணவன் கதவைத் திறக்கிறான். நீ நிறுத்திவிட்டாய். பிறகு என்ன நடந்தது?

நீ கேட்காதே என்றதை நான் கேட்கவில்லை.

பிள்ளைகளுக்கு என் அன்பு. தம்பி இராஜேந்திரன் குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாரா?

அன்புடன்
அக்கா


லா ஷப்பல்
11 டிசம்பர் 2022

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். இங்கே மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. நீங்கள் கேட்டது போல இவர் காதை மூடிக்கொண்டுதான் போகிறார், ஆனால் தொப்பி கிருஷிகனுடையது.

இங்கே என் பெயர் பெரிதாகிவிட்டது. நான் ஒருமணி நேரம் தியானத்தில் இருப்பதாகக் கிருஷிகன் சிநேகிதர்களுக்குச் சொல்லியிருக்கிறான். நாலாம் மாடித் துஷாந்தி வந்து, தன் வதிவிட அட்டைக்காக என் பூசையில் ஒரு சொல் சொல்லச் சொன்னாள். நான் என்ன செய்ய? சரி என்று தலையாட்டினேன். பத்தாம் நாள் அட்டை வந்துவிட்டது! இப்போது அவள் வெள்ளிக்கிழமைகளில் தேங்காயோடு வருகிறாள். "அக்கா, உங்கட முகத்தில ஒரு களை தெரியுது" என்கிறாள். அது ஒரு பத்தியைச் சரியாக முடித்த களை என்று எப்படிச் சொல்வது? கோயிலிலும் தேர்த் திருவிழாவுக்கு என்னை முன்னுக்கு நின்று பஜனை பாடச் சொல்கிறார்கள். என் குரல் உங்களுக்குத் தெரியும்.

இவர் இப்போது செவ்வாய்க்கிழமையும் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை. எனக்காக என்று நினைக்கிறேன். மனதுக்குக் குற்றமாக இருக்கிறது.

ஒரு நல்ல செய்தி. இவர் கற்பூரம் வாங்கும் கடையில், பெட்டிக்கு இரண்டு பேனை இலவசமாகக் கொடுக்கிறார்களாம். போன மாதம் ஆறு பேனை கொண்டுவந்து சாமித் தட்டில் வைத்தார். "எங்களுக்கு என்னத்துக்கு, கிடக்கட்டும்" என்றார். அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர்.

இன்னும் ஐந்து பக்கம் அனுப்புகிறேன். புதுக் கதை. கந்தீனில் என்னோடு வேலை செய்யும் இசபெல் என்ற பிரெஞ்சுக்காரி, சாப்பிட மறுக்கும் பிள்ளைகளின் தட்டில் கரட்டை வைத்து முகம் செய்வாள். அதிலிருந்து வந்தது.

பழைய கதை அப்படியே நிற்கிறது.

யோகா


பாரிஸ்
8 ஜனவரி 2023

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

இராஜேந்திரன் வணக்கத்துடன் எழுதுவது. புது வருடத்தில் உங்கள் முழங்கால் சுகப்பட வேண்டுகிறேன். நான் இதுவரை உங்களுக்குக் கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் அடித்துவிடுங்கள். மத்தியானச் சமையல் முடிந்து ஆறு மணிவரை எங்களுக்கு இடைவேளை. வழக்கமாக வீட்டுக்குப் போவேன். இன்றைக்குப் போகாமல், நான் சமைக்கும் சாப்பாட்டுக் கடையின் நிலக்கீழ் அறையில் வெங்காய மூட்டையில் இருந்து எழுதுகிறேன்.

யோகா சாமி அறையில் எழுதுகிறாள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

கற்பூரம் வாங்குவது நான். தினமும் ஒருமணி நேரம் பூசை செய்கிற வீட்டில் ஒரு பெட்டி நாலு மாதம் வந்தது. ஆனால் குசினியில் கிடந்த பேனைகள் ஒவ்வொன்றாக மை முடிந்து குப்பைக்குப் போயின. ஒருநாள் அவள் வெளியே வரும்போது கையோரத்தில் நீலம். திருநீறு நீலமாக இருக்காதே, மச்சாள். அதன்பிறகு கடைக்காரர் பேனை கொடுக்கிறார் என்று ஒரு பொய் சொன்னேன். ஐந்து மணிக்கு யாராவது வந்தால் நான் நடையில் கதிரையைப் போட்டு இருந்துகொள்வேன், கதவுப் பக்கம் போகாதபடி.

ஏன் அவள் என்னிடம் ஒளிக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அதைத்தான் எழுத வந்தேன்.

1999ஆம் ஆண்டு. அவள் வந்து ஆறு மாதம். ஒரு அறையில் நாங்கள் இரண்டு பேர், திரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவள் வடை சுட்டாள். வேலைக்குக் கொண்டுபோகச் சுற்றுவதற்குத் தாள் இல்லை. தலையணைக்கு அடியில் ஒரு கொப்பி இருந்தது. நாலு ஒற்றை கிழித்துச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். அங்கே ஒருவன் வடையைச் சாப்பிட்டுவிட்டு அந்த ஒற்றையைப் படத்தில் பேசுவது போல உரத்து வாசித்தான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, "என்னப்பா, கதையெல்லாம் எழுதுறீராம்" என்று அவளிடமே சொல்லிச் சிரித்தேன். அவள், "வடை காணுமோ?" என்று அளவை மட்டும் கேட்டாள். அந்தக் கொப்பியை அதன்பிறகு நான் காணவில்லை.

எனக்கு அது பிழை என்று விளங்கப் பத்து வருடம் ஆனது. விளங்கியபோது எப்படித் தொடங்கிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவள் எழுதுவதை உங்களுக்கு அனுப்புகிறாள் என்று நினைக்கிறேன். மொத்தமான உறைகள் போகின்றன. நான் ஒன்றை மட்டும் கேட்கிறேன். அதில் என்மேல் கோபம் இருக்கிறதா? ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும். பதிலைக் கடை முகவரிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு
இராஜேந்திரன்


மானிப்பாய்
12 பெப்ரவரி 2023

அன்புத் தம்பி இராஜேந்திரனுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழையும் இல்லை. பதில் எழுதத்தான் எனக்கு இத்தனை நாள் பிடித்தது. ஒரு சொல் கேட்டீர்கள். அந்த ஒரு சொல்லை நான் எழுதமாட்டேன். அவள் என்னை நம்பித் தந்ததை அவளிடமிருந்துதான் நீங்கள் வாங்கவேண்டும்.

ஆனால் உங்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் முப்பது வருடம் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை பார்த்தேன். தொடக்கத்தில் நல்ல பிள்ளைகளின் பின்னால் போய் நின்று என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்பேன், ஆசையில். நின்ற உடனே அவர்களின் கை நின்றுவிடும். ஒரு மூத்த ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "தில்லைநாயகி, நீர் வாசல்ல போய் நில்லும், வெளிச்சத்தம் வராமல் பாரும், அதுதான் உம்முடைய வேலை" என்றார். நடையில் கதிரை போட்டு இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

சிரித்தது பிழைதான். ஆனால் கற்பூரப் பெட்டியை எண்ணிப் பார்த்த மனிதனை நான் குறைத்து நினைக்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவளிடம் சொல்லமாட்டேன்.

அன்புடன்
தில்லைநாயகி


லா ஷப்பல்
5 மார்ச் 2023

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறீர்களா? போனில் சுகம் என்கிறீர்கள், ஆனால் டிசம்பர்க் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. கரட் கதை பிடிக்கவில்லையோ?

எங்களுக்குப் பாரிசுக்கு வெளியே பொபினியில் வீடு கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு வருடமாக அரசாங்கத்திடம் கேட்டு வைத்த வீடு. மூன்று படுக்கை அறை, எல்லோரும் கூடியிருக்கப் பெரிய சலோன், மின்தூக்கி. ஜூன் மாதம் போகிறோம். கிருஷிகன் தனக்குத் தனி அறை என்று நடையில் ஆடினான். இவர் வீட்டின் வரைபடத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

கஜனி தன் முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு பரிசு என்றாள். சலோனில், சோபாவுக்கு நேரே, கண்ணாடிக் கதவு போட்ட சாமி அலுமாரி. உள்ளே வெளிச்சம். "இனி அம்மா அந்தப் பொந்துக்குள்ள மூச்சு முட்ட இருக்கத் தேவையில்லை, எல்லாருக்கும் நடுவில ராசாத்தி மாதிரி இருந்து கும்பிடலாம்" என்றாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். நான் சந்தோசம் பிள்ளை என்று சொன்னேன். உண்மையாகவே சந்தோசம்தான். இந்த வீட்டில் மழைக்குச் சுவர் நனைகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். எனக்கு என்ன குறை?

நேற்று உள்ளே இருந்து ஜன்னல் வழியாக மெத்ரோ போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வரியும் எழுதவில்லை. ஊதுபத்தி முடியும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

இந்த முறை பக்கங்கள் இல்லை.

யோகா


மானிப்பாய்
27 மார்ச் 2023

அன்புத் தங்கைக்கு,

என்னை மன்னித்துக்கொள். பதில் பிந்தியதற்குக் காரணம் உண்டு, அது உன் கரட் அல்ல. அந்தக் கதையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன், அவன் கரட் வேண்டும் என்று அழுதான். இதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

புது வீடு கிடைத்தது பெரிய காரியம். அதில் உனக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில் குறையையும் எழுதியிருக்கிறாய். நாற்பது வருடமாகக் கட்டுரை திருத்தினவள் நான்.

கிணற்றில் வாளி விழுந்தால் என்ன செய்வோம்? வாளி விழுந்தது என்று யாரிடமாவது சொல்வோம். சொன்னால்தான் பாதாளக் கரண்டி வரும். சொல்லாமல் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றால், தண்ணீர் அழகாக இருக்கிறது என்று ரசிக்கிறாய் போலும் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். உனக்கு ஒரு கதவு வேண்டும் என்று உன் வீட்டில் நீ ஒருநாளும் சொன்னதில்லை.

சொல்ல முடியாவிட்டால், முதலில் கதையில் சொல்லு. அந்தப் பெண் கொப்பியோடு இருக்கிறாள், அவன் கதவைத் திறக்கிறான். ஐந்து மாதமாக அவனை வாசற்படியிலேயே நிற்கவைத்திருக்கிறாய். உள்ளே வர விடு. வந்து என்ன சொல்கிறான் என்று கேள். மனிதர்கள் இருபது வருடத்துக்கு முன்பு சொன்னதையே எப்போதும் சொல்வதில்லை.

மேலும் எழுத நினைத்தேன். இவ்வளவு போதும்.

அக்கா


பாரிஸ்
16 ஏப்ரல் 2023

மதிப்புக்குரிய மச்சாளுக்கு,

வணக்கம். இங்கே குளிர் குறைந்துவிட்டது, எல்லோரும் சுகம். அவசரமாக எழுதுகிறேன்.

கண்ணாடி அலுமாரி வந்தால் அவள் எழுத்து நின்றுவிடும். வேண்டாம் என்று கஜனியிடம் சொன்னால் ஏன் என்பாள், உண்மை வெளியே வரும். பிள்ளையின் மனமும் நோகும். ஆகவே அலுமாரி வரட்டும் என்றுவிட்டேன்.

ஆனால் புது வீட்டு வரைபடத்தில் நடையோரமாக ஒரு பெட்டி கீறியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். முன்பு இருந்தவர்கள் தூசி உறிஞ்சும் யந்திரம் வைத்த சுவர் அலுமாரி, இங்கே பிளக்கார் என்பார்கள். ஒரு மீற்றர் பத்து சென்ரிமீற்றர் அகலம், கதவு உண்டு. இதைவிடப் பெரிய இடம் கொடுக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நீட்டி நிமிர்ந்து எழுதப் பழகாதவளுக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

நான் பலகை அடிக்கப்போகிறேன். எத்தனை உயரத்தில் அடிக்கவேண்டும்? விளக்கை எந்தப் பக்கம் வைப்பது? நீங்கள் எத்தனையோ மேசைகளைப் பார்த்தவர். அவள் எழுதுவதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இருபத்துநாலு வருடத்தில் படிவங்களில் கையெழுத்து வைப்பதை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இராஜேந்திரன்


மானிப்பாய்
8 மே 2023

அன்புத் தம்பிக்கு,

உயரத்துக்கு ஒரு சுலபமான வழி உண்டு. அவள் கதிரையில் நிமிர்ந்து இருந்து கீரை ஆய்கிற நேரத்தில் முழங்கை எங்கே நிற்கிறது என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு விரற்கடை மேலே பலகை.

விளக்கு. எல்லோரும் இடப்பக்கம் வைக்கச் சொல்வார்கள், எழுதும் கையின் நிழல் எழுத்தில் விழாமலிருக்க. நீங்கள் வலப்பக்கம் வையுங்கள்.

அவள் கையோரத்தில் நீலம் கண்டதாக எழுதினீர்களே, எந்தக் கை என்று பார்த்தீர்களா? யோகா பிறவியில் இடக்கைக்காரி. அவளுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது எனக்குப் பத்தொன்பது வயது, புதிதாக ஆசிரியப் பயிற்சி. பெரிய படிப்புப் படித்த எண்ணத்தில், கோடு கீறும் அடிமட்டத்தால் அந்த இடக்கையில் தட்டித் தட்டி வலக்கைக்கு மாற்றினேன். ஒரு மாதம் அழுதாள். கையெழுத்து வைப்பதும் சமைப்பதும் வலக்கையால்தான். எல்லோரும் மாறிவிட்டாள் என்றார்கள். நானும் நம்பினேன்.

ஒக்டோபரில் அவள் அனுப்பிய நாலு பக்கத்தையும் கண்டவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுத்துகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன, மை இழுபட்டிருந்தது. கதவை மூடியவுடன் அவள் இடக்கைக்கு மாறிவிட்டாள், தம்பி. ஒருவேளை அது அவளுக்கே தெரியாமலிருக்கலாம்.

ஆகவே, கொப்பி கிழித்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று எண்ணி வருந்தவேண்டாம். உங்களுக்கு முன்பே ஒருத்தி இருந்தாள். யோகாவிடம் இதைச் சொல்ல எனக்கும் தொடக்கம் கிடைக்கவில்லை.

வலப்பக்கம். மறந்துவிடாதீர்கள்.

தில்லைநாயகி


பொபினி
25 ஜூன் 2023

என் அன்பு அக்காவுக்கு,

புது முகவரியைப் பாருங்கள். நாங்கள் எல்லோரும் சுகம். சாமான் தூக்கி இவருக்கு இடுப்பு நோகிறது, உங்கள் எண்ணெயில் பாதியை இங்கே அனுப்பச் சொல்கிறார்.

மூன்றாம் தேதி குடிவந்தோம். கண்ணாடி அலுமாரி சலோனில் ஜொலிக்கிறது. பிள்ளையாருக்கு மேலே நீல வெளிச்சம், அவர் விமான நிலையத்தில் காத்திருப்பது போல இருக்கிறார். நான் விளக்கேற்றினேன். துஷாந்தி லா ஷப்பலிலிருந்து தேங்காயோடு வந்திருந்தாள். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்க, நான் தேவாரத்தை நடுவில் மறந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி கேட்டுவிடலாம் என்று மூன்று நாள் வாயைத் திறந்தேன். ஒவ்வொருமுறையும், "தேத்தண்ணி போடட்டோ?" என்றுதான் வந்தது. திங்கட்கிழமை இவருக்கு விடுமுறை. ஐந்து மணிக்கு, "இஞ்சாரும், ஒருக்கா வாரும்" என்று நடையிலிருந்து கூப்பிட்டார். தூசி உறிஞ்சும் யந்திரத்தைத்தான் காட்டப்போகிறார் என்று நினைத்தேன். பிளக்கார் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒரு பலகை, ஒரு கதிரை, ஒரு விளக்கு. கதவின் உட்பக்கம் கொளுக்கி. சாமிப்படம் இல்லை. பலகையில் ஒரு புதுக் கொப்பி. முதல் ஒற்றையில் இவருடைய குண்டுக் கையெழுத்து:

"இந்தக் கொப்பியில் ஒருவரும் ஒற்றை கிழிக்கக் கூடாது. முக்கியமாக நான். இராஜேந்திரன்."

நான் வாசித்துவிட்டு நிமிர, இவர் அங்கே இல்லை. குசினியில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றார். கஜனி வந்து, சாமியை வெளியே வைத்துவிட்டு அம்மா ஏன் பிளக்காருக்குள் நிற்கிறா என்று கேட்டாள். இவர் திரும்பாமலே சொன்னார்: "அம்மா எழுதுறவ. அஞ்சிலயிருந்து ஆறு மட்டும் ஒருத்தரும் அந்தக் கதவைத் தட்டப்படாது." கிருஷிகன், "அப்ப தியானம்?" என்றான். "அதுவும் உதுதான்" என்றார்.

நான் உள்ளே போய் இருந்தேன். எழுதத் தொடங்கியபோது தாளில் நிழல் விழவில்லை. அப்போதுதான் பார்த்தேன், விளக்கு வலப்பக்கம் இருந்தது. பேனை என் இடக்கையில் இருந்தது.

அக்கா, இந்த உலகத்தில் அது தெரிந்த ஆள் ஒருவர்தான், அது நீங்கள். இனிமேல் கற்பூரப் பெட்டிக்கு எந்தக் கடையில் பேனை கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கமாட்டேன். நீங்கள் பதில் போடாத அந்த இரண்டு மாதத்தையும் மன்னித்துவிட்டேன். அந்த அடிமட்டத்தை எப்போதோ மறந்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள்.

நீங்கள் சொன்னபடி அந்த மனிதனைக் கதைக்குள் வர விட்டேன். ஒரு கிழமையில் ஏழு பக்கம் வந்தது.

இங்கிருந்து கடை தூரம், இடைவேளைக்கு இவர் வீட்டுக்கு வருவதில்லை. போன வெள்ளிக்கிழமை இவர் அங்கே தேநீரோடு சாப்பிட வடை சுட்டேன். குசினியில் சுற்றுகிற தாள் நிறைய இருந்தது. நான் பிளக்காருக்குப் போய்க் கொப்பியில் ஒரு ஒற்றை கிழித்தேன். அந்தச் சட்டம் மற்றவர்களுக்கு, கொப்பி என்னுடையது. அந்த ஏழில் முதல் பக்கம், படியில் காலடி கேட்டு அவன் கதவைத் திறக்கிற இடம். அதில் வடையைச் சுற்றி இவருடைய பையில் வைத்துவிட்டேன்.

இவர் வேலை முடிந்து வந்தபோது நான் நித்திரை. காலையில் எழும்பிப் பார்க்க, அந்த ஒற்றை எண்ணெய்க் கறையோடு நாலாக மடித்துப் பலகையில் இருந்தது. இவர் முகம் கழுவிக்கொண்டிருந்தார். "வடை காணுமோ?" என்று கேட்டேன். தண்ணீரை நிறுத்தினார்.

"வடை நல்லம்" என்றார். துவாயால் முகத்தை நெடுநேரம் துடைத்தார். பிறகு துவாய்க்குள்ளிருந்தே கேட்டார்:

"கதவைத் திறந்தவன் பேந்து என்ன செய்தவன்?"

நாளைக்கும் வடை சுடப்போகிறேன் என்று சொன்னேன்.

முழங்காலைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தில் மை இழுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், இனி அப்படித்தான் இருக்கும்.

உங்கள் இடக்கைத் தங்கை
யோகராணி